மெஷின் நின்றால் யார் வருவார்? வாசகர் கேள்வி–பதில்

இந்த இதழுக்கு மாநில எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மருத்துவக் கருவிகளின் பராமரிப்பு ஒப்பந்தம் பற்றியவை. சிறிய, நடுத்தர மருத்துவமனைகளை நடத்துகிறவர்கள் எழுதியிருக்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கி, பதிலுடன் தருகிறோம்.

மருத்துவமனை மேலாளர், செங்கோட்டை: எங்களுடையது 40 படுக்கை. ஒரு அல்ட்ராசவுண்ட், மூன்று வென்டிலேட்டர், எட்டு மானிட்டர், ஒரு சி-ஆர்ம் (ஆபரேஷன் அறை எக்ஸ்-ரே), இரண்டு ஆட்டோகிளேவ் (நீராவியில் கிருமிநீக்கும் கருவி), ஒரு பயோகெமிஸ்ட்ரி அனலைசர் (ரத்தப் பரிசோதனைக் கருவி) இருக்கின்றன. வாரண்டி எல்லாம் முடிந்துவிட்டது. மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே சி.எம்.சி. (முழுப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்று ஒரு நிறுவனம் கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போதும், பாதிச் செலவு என்கிறார் ஆடிட்டர். எதற்குப் போவது?

எல்லாக் கருவிக்கும் ஒரே மாதிரி ஒப்பந்தம் போட வேண்டாம். ஏ.எம்.சி.யில் இன்ஜினீயரின் வருகையும் வேலையும் மட்டும் அடக்கம், ஸ்பேர் பாகத்துக்குத் தனிக் காசு. சி.எம்.சி.யில் பாகமும் அடக்கம். ஆனால் எந்தெந்தப் பாகம் அடங்காது என்பது கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள். பிறகு ஒவ்வொரு கருவியிலும் அடிக்கடி போகிற பாகம் எது, அதன் விலை என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அல்ட்ராசவுண்டில் அது புரோப், அதாவது உடலில் வைத்துப் பார்க்கும் கைப்பகுதி. கை தவறிக் கீழே விழும். கேபிள் கழுத்தில் முறியும். ஜெல்லைத் துடைக்காமல் விட்டால் முகப்பு ரப்பர் உரியும். உள்ளே இருக்கும் கிரிஸ்டல் ஒவ்வொன்றாகச் செத்து, படத்தில் கருங்கோடுகளாக நிற்கும். ஒரு பேச்சுக்கு, மெஷினை 20 லட்சத்துக்கு வாங்கினீர்கள் என்று கொள்வோம். 6 சதவீதத்தில் சி.எம்.சி. 1,20,000 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 21,600 சேர்ந்து 1,41,600. மருத்துவ சேவைக்கு வரி விலக்கு என்பதால் மருத்துவமனைக்கு இந்த வரி திரும்ப வராது, அது செலவுதான். 2.5 சதவீதத்தில் ஏ.எம்.சி. என்றால் வரியோடு 59,000. இரண்டுக்கும் வித்தியாசம் 82,600 ரூபாய். புரோப் அடங்காத சி.எம்.சி.க்கு இந்த 82,600 ரூபாயைக் கொடுப்பது நஷ்டம். வருடத்துக்கு ஒரு புரோப் மாற்றித்தர எழுத்தில் ஒப்புக்கொண்டால் கொடுக்கலாம்.

வென்டிலேட்டருக்கு சி.எம்.சி. அவசியம். ஆக்சிஜன் செல் என்பது ஒரு சிறு ரசாயன பேட்டரி. மெஷினை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் காற்றில் இருந்தே தேயும். ஓரிரு வருடத்தில் மாற்றியாக வேண்டும். ஃப்ளோ சென்சர், உள் பேட்டரி, வருடாந்திர கிட் (மொத்தமாக மாற்றும் பாகத் தொகுப்பு) ஆகிய மூன்றும் சேர்ந்தால் நல்ல தொகை வரும். பல மாடல்களில் கிட் மாற்றும் கணக்கு 'வருடம் ஒரு முறை அல்லது இத்தனை ஆயிரம் மணி நேரம், எது முந்தியோ அது' என்று இருக்கும். கோவிட் போன்ற காலத்தில் இரவு பகலாக ஓடினால் ஒரே வருடத்தில் இரண்டு கிட் தேவைப்படலாம். ஒப்பந்தத்தில் 'ஒரு கிட்' என்று இருக்கிறதா, 'தேவைப்படும் கிட்' என்று இருக்கிறதா, பாருங்கள். சி-ஆர்மில் எக்ஸ்-ரே டியூபும், படம் பிடிக்கும் பகுதியும் அடங்கினால் மட்டும் சி.எம்.சி.

மானிட்டருக்கு சி.எம்.சி. தேவையே இல்லை. அதில் போவது ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் எஸ்பிஓ2 சென்சர், ஈ.சி.ஜி. கேபிள், பி.பி. கஃப். இவை தேய்மானப் பொருட்கள், எந்த சி.எம்.சி.யிலும் பொதுவாக அடங்காது. ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்கி அலமாரியில் வையுங்கள். வருடம் ஒருமுறை காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) மட்டும் செய்துகொண்டால் போதும். அனலைசரை ரீஏஜென்ட் (பரிசோதனை ரசாயனம்) வாங்கும் ஒப்பந்தத்தில் இலவசமாக வைத்துவிட்டுப் போயிருந்தால், பராமரிப்புச் செலவு ரீஏஜென்ட் விலையிலேயே ஏற்றப்பட்டிருக்கும். அதற்கும் சி.எம்.சி. போட்டு இரண்டு முறை கட்டாதீர்கள். ஆட்டோகிளேவ் பற்றிக் கீழே நகரி வாசகருக்கு எழுதியிருக்கிறோம், அதையும் பாருங்கள்.

ஒன்று மட்டும் அவசரமாகச் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறோம் என்று வரும் நிறுவனத்திடம், உங்கள் வென்டிலேட்டரின் அதே மாடலுக்குப் பயிற்சி பெற்ற சான்றிதழையும், ஸ்பேர் எங்கிருந்து வாங்குகிறார்கள் என்ற கடிதத்தையும் கேளுங்கள். பல மாடல்களில் சர்வீஸ் மெனுவுக்குள் போகவே பாஸ்வேர்டு வேண்டும். அது இல்லாதவரால் வெளியே துடைத்துவிட்டுப் போகத்தான் முடியும்.

மருத்துவர், கொழிஞ்சாம்பாறை: எங்களுக்குக் கோவை பக்கம். ஆனால் கருவி நிறுவனம் நாங்கள் கேரளம் என்பதால் கொச்சிக் கிளையைக் காட்டுகிறது. போன் செய்தால் ஆள் வர இரண்டு நாள் ஆகிறது. கோவை இன்ஜினீயர் வந்தால் வரிப் பிரச்சினை வரும் என்கிறார்கள். உண்மையா?

வரி ஒரு தடையே அல்ல. கேரளக் கிளை பில் போட்டால் மத்திய வரி 9, மாநில வரி 9. கோவைக் கிளை பில் போட்டால் மாநிலங்களுக்கு இடையிலான வரியான ஐ.ஜி.எஸ்.டி. 18. மொத்தம் ஒன்றுதான். உண்மையான காரணம் நிறுவனத்துக்கு உள்ளே இருக்கிறது: உங்கள் ஒப்பந்தப் பணம் கொச்சியின் கணக்கில் ஏறுகிறது, கோவை ஆளுக்கு அதில் பங்கில்லை. அதனால் கோவைக் கிளையிடம் கெஞ்சிப் பயனில்லை. இரண்டு கிளைக்கும் மேலே இருக்கும் தென்மண்டல மேலாளரிடமிருந்து, 'முதல் அழைப்புக்குக் கோவையிலிருந்து ஆள் வருவார்' என்று ஒரு கடிதம் வாங்குங்கள். அது ஒப்பந்தத்தின் இணைப்பாக இருக்க வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்னால் கேட்டால் கிடைக்கும், பணம் கட்டிய பிறகு கேட்டால் கிடைக்காது.

'வேலை நேரம்' என்ற சொல்லையும் கவனியுங்கள். '48 மணி வேலை நேரத்தில் வருவோம்' என்று எழுதியிருந்தால், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வீதம் அது ஆறு நாள். அதோடு விடுமுறையும் கிளையின் மாநிலத்துக் கணக்குப்படி போகும். ஓணத்துக்குக் கொச்சி மூடியிருக்கும், பொங்கலுக்குக் கோவை மூடியிருக்கும். எல்லையில் இருப்பவர்களுக்கு இரண்டு பண்டிகையும் இடிக்கும். உயிர்காக்கும் கருவிகளுக்கு 'காலண்டர் நேரம், விடுமுறை நாளும் சேர்த்து' என்று எழுதி வாங்குங்கள்.

ஐ.சி.யு. பொறுப்பாளர், ஆரம்பாக்கம்: ஒப்பந்தத்தில் 95 சதவீதம் ஓடும் நேரம் என்று உறுதி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு வென்டிலேட்டர் ஒன்றரை மாதத்துக்கு மேல் நின்றுபோயிற்று. கேட்டால், இன்னும் 95க்கு மேல்தான் இருக்கிறோம் என்கிறார்கள். எப்படி?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 365 நாளில் 5 சதவீதம் 18 நாள் 6 மணி நேரம். அதாவது ஒரு மெஷின் வருடத்தில் 18 நாள் நின்றாலும் அவர்கள் வாக்கைக் காப்பாற்றியதாகவே ஆகும். உங்களிடம் மூன்று வென்டிலேட்டர் இருந்து, மூன்றையும் சேர்த்து சராசரி போட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒன்று 50 நாள் நின்று, மற்ற இரண்டும் ஓடினால், 1,095 மெஷின்-நாளில் 50 போக 95.4 சதவீதம் வந்துவிடும். அவர்கள் சொல்வது பொய்யில்லை, ஒப்பந்தத்தின் வாசகம்தான் தவறு. 'ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக, ஒவ்வொரு காலாண்டுக்கும்' என்று எழுதப்பட வேண்டும்.

95 என்ற எண் பெரும்பாலும் அரசுத் திட்டத்தைப் பார்த்து எழுதப்படுகிறது. தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் 2015இல் தொடங்கிய மருத்துவக் கருவிப் பராமரிப்புத் திட்டத்தில் மாவட்ட மருத்துவமனைக்கு 95, சமுதாய சுகாதார மையத்துக்கு 90, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 80 சதவீதம் என்று வைத்தார்கள். தராசு முதல் ஃப்ரிட்ஜ் வரை ஆயிரக்கணக்கான கருவிகளை ஒன்றாகப் பார்க்கும் திட்டத்துக்கு அது பொருந்தும். மூன்றே வென்டிலேட்டர் உள்ள ஐ.சி.யு.வுக்குப் பொருந்தாது. நீங்கள் 98 கேளுங்கள். அப்போதும் வருடத்தில் ஏழு நாள் இடம் இருக்கிறது.

நின்ற நேரம் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்பதும் முக்கியம். புகார் கொடுத்த நிமிடத்தில் தொடங்க வேண்டும். அதற்கு ஆதாரமாகப் புகார் எண் வேண்டும், வாய்ச் சொல் போதாது. இன்ஜினீயர் வாசலில் வந்து நின்றதும் முடியக் கூடாது. பொறுப்பு மருத்துவர் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட நேரத்தில்தான் முடிய வேண்டும். 'ஸ்பேர் வரும் காலம் கணக்கில் சேராது' என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். சி.எம்.சி.யே ஸ்பேருக்காகத்தான்.

அபராதத்தை ரொம்ப நம்பாதீர்கள். ஒரு வென்டிலேட்டரின் சி.எம்.சி. வருடத்துக்கு 45,000 என்றால், ஒரு நாளைக்கு ஒரு சதவீதம் பிடித்தாலும் 450 ரூபாய்தான். அதற்காக எந்த நிறுவனமும் சென்னையிலிருந்து இரவோடு இரவாக ஆள் அனுப்பாது. அதைவிட, '48 மணி நேரத்தில் சரியாகாவிட்டால் அதே வகையில் மாற்றுக் கருவி கொண்டுவந்து வைக்க வேண்டும், தவறினால் நாங்கள் வாடகைக்கு எடுப்போம், வாடகையை உங்கள் பில்லில் கழிப்போம்' என்ற நிபந்தனைக்குத்தான் பலன் உண்டு. வாடகைத் தொகை ஒரு வாரத்திலேயே ஒப்பந்தத் தொகையைத் தின்றுவிடக்கூடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஸ்கேன் மையம் நடத்துபவர், கம்பம்: எங்கள் அல்ட்ராசவுண்ட் போர்டு பழுது. சர்வீஸ் செய்பவர்கள் மெஷினையே கேரளத்துக்கு எடுத்துப்போய், அதுவரை ஒரு மாற்று மெஷின் வைப்பதாகச் சொல்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

அவசரப்பட வேண்டாம். வென்டிலேட்டருக்குச் சொன்ன மாற்றுக் கருவி நிபந்தனை அல்ட்ராசவுண்டுக்கு அப்படியே செல்லாது. கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள கருவியை மாற்றுவதானால் 30 நாளுக்கு முன்பே உங்கள் மாவட்டத்தின் உரிய அதிகாரிக்குத் தெரிவித்து, மாற்றத்தோடு சான்றிதழை மறுபடி வாங்க வேண்டும். சான்றிதழில் சீரியல் எண் இல்லாத மெஷினில் ஒரு ஸ்கேன் எடுத்தாலும் சீல் வைக்க இடமுண்டு. குமுளி தாண்டினால் மாநிலமும் வேறு, அதிகாரியும் வேறு. அங்கே பதிவான மெஷின் என்பது இங்கே எந்தப் பாதுகாப்பும் தராது.

உங்கள் மெஷின் வெளியே போவதையும் எழுத்தில் தெரிவித்து, முத்திரை போட்ட நகலை வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை போர்டை மட்டும் கழற்றி அனுப்புவதே நல்லது. மெஷினையே அனுப்பத்தான் வேண்டுமென்றால் 'பழுதுபார்த்துத் திரும்ப, விற்பனைக்கு அல்ல' என்று எழுதிய டெலிவரி சலான், சீரியல் எண்ணோடு இருக்க வேண்டும். மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில்லும் வேண்டும். நோயாளிகளின் படங்களை நகல் எடுத்துவிட்டு, மெஷினிலிருந்து அழித்த பிறகு அனுப்புங்கள். அடுத்த முறை ஒப்பந்தம் போடும்போது 'பழுது மையத்தின் இடத்திலேயே பார்க்கப்படும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

நர்ஸிங் ஹோம் உரிமையாளர், நகரி: ஆட்டோகிளேவ் ஹீட்டர் ஒரே வருடத்தில் மூன்று முறை எரிந்துவிட்டது. மூன்றாவது முறை, ஒப்பந்தத்தில் வராது என்று கைவிரித்துவிட்டார்கள். எங்கள் தவறு என்ன?

பெரும்பாலும் தண்ணீர். போர் தண்ணீரை அப்படியே ஊற்றினால் ஹீட்டர் காயிலின் மேல் சுண்ணாம்புப் படிவு பிடிக்கும். படிவு சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தாது. காயில் தன் சூட்டிலேயே வெந்து எரியும். இன்னொரு காரணம், தண்ணீர் காயிலுக்குக் கீழே இறங்கியும் சுவிட்ச் ஆஃப் ஆகாமல் இருப்பது. தண்ணீர் குறைந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாகம் வேலை செய்கிறதா என்று இன்ஜினீயரை உங்கள் கண்முன்னே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். ஆனால் சில மாடல்களில் தண்ணீர் மட்டத்தை மின்முனை வைத்து அறிவார்கள். உப்பே இல்லாத டிஸ்டில்டு தண்ணீர் அந்த முனைக்குத் தெரியாது, தண்ணீர் இருந்தும் 'இல்லை' என்று காட்டும். கையேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தினமும் மாலை, ஆறிய பிறகு தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். மாதம் ஒருமுறை லிட்டருக்கு 20 முதல் 30 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்துக் காயில் மூழ்க வைத்து, படிவு கரைந்ததும் இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

ஆட்டோகிளேவுக்கு ஏ.எம்.சி. போதும். ஒரு ஹீட்டர், இரண்டு கதவு கேஸ்கெட், ஒரு சேஃப்டி வால்வு கையிருப்பில் இருக்கட்டும். சேஃப்டி வால்வு அடிக்கடி ஊதுகிறது என்று அதை இறுக்குகிற ஆளை மறுபடி உள்ளே விடாதீர்கள், அது வெடிகுண்டு. பிரஷர் மீட்டர் 15 பவுண்டு காட்டும்போது வெப்பமானி 121 டிகிரி காட்ட வேண்டும். பிரஷர் ஏறியும் டிகிரி ஏறாவிட்டால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது, அந்தச் சுற்று கிருமிநீக்கம் ஆகவில்லை என்று பொருள். மீட்டரை வருடம் ஒருமுறை காலிபரேட் செய்வதை ஒப்பந்தத்திலேயே சேருங்கள்.

எலும்பு மருத்துவர், மார்த்தாண்டம்: களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் எக்ஸ்-ரே மெஷினை மிகக் குறைந்த விலைக்குப் பழுது பார்த்துத் தருகிறார். கைராசிக்காரர். ஒப்பந்தம் போடலாமா?

கைராசி இருக்கட்டும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்-ரே, சி-ஆர்ம், சி.டி., பல் எக்ஸ்-ரே எல்லாவற்றுக்கும் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் ஏஜென்சிதான் கைவைக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தரச் சோதனை கட்டாயம். டியூபையோ அதற்கு மின்சாரம் தரும் பகுதியையோ மாற்றினாலும் உடனே மறுபடி சோதிக்க வேண்டும். இந்தச் சோதனைச் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால் பின்னால் சண்டை வரும்.

மருத்துவமனைச் செயலர், கூடலூர்: இடி விழுந்து இரண்டு மானிட்டரும் அனஸ்தீசியா மெஷினின் போர்டும் போயிற்று. சி.எம்.சி. இருந்தும் தர மறுக்கிறார்கள்.

இடி, வோல்டேஜ் ஏற்ற இறக்கம், எலி கடித்தது, தண்ணீர் புகுந்தது ஆகியவற்றைப் பெரும்பாலான சி.எம்.சி.யில் விலக்கியே வைத்திருப்பார்கள். அதை மாற்றுவது கடினம். மலையடிவாரத்தில் சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி நிச்சயம் என்பதால், இந்த ஓட்டையை எலக்ட்ரானிக் கருவிக் காப்பீட்டால் அடையுங்கள். பாலிசியில் இடியும் மின் கோளாறும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கூடவே, 'வோல்டேஜ் சரியில்லாததால் போயிற்று' என்று ஒவ்வொரு பழுதுக்கும் சொல்லித் தப்புவதைத் தடுக்க ஒரு பதிவேடு வேண்டும். மாதம் ஒருமுறை எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு முக்கிய பிளக்கிலும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து எழுதட்டும். 2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றிய தேதியும் அதில் இருக்கட்டும். பிரதான போர்டில் சர்ஜ் அரெஸ்டர் (திடீரென ஏறும் மின்சாரத்தைத் தடுக்கும் பாகம்) போட்டு, அதன் விளக்கு நிறம் மாறியிருக்கிறதா என்று இடிமழை முடிந்ததும் பாருங்கள். ஒரு பெரிய இடியைத் தாங்கி அதுவே செத்திருக்கும், யாரும் கவனிக்காமல் விட்டால் அடுத்த இடி நேரே மெஷினுக்குள் போகும்.

கணக்காளர், பள்ளிப்பட்டு: முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அந்தக் காலத்துக்கான பராமரிப்பு வருகை முடிந்து ரிப்போர்ட் வந்த பிறகு கொடுங்கள். தயாரிப்பு நிறுவனமே என்பதால் விட்டுக்கொடுக்க மறுத்தால் காலாண்டு முன்பணம் வரை போகலாம்.

நர்ஸிங் கண்காணிப்பாளர், பாறசாலை: இன்ஜினீயர் வந்து பத்து நிமிடத்தில் 'ஓகே' என்று எழுதி எங்களிடம் கையெழுத்து வாங்கிப் போகிறார். நாங்கள் என்ன பார்க்க வேண்டும்?

ரிப்போர்ட்டில் எண் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள் சிஸ்டர். இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டரை 200 ஜூலில் வைத்து 50 ஓம் சோதனைக் கருவியில் அடித்தால் எவ்வளவு வந்தது என்று எழுத வேண்டும், 170க்கும் 230க்கும் நடுவில் இருக்க வேண்டும். மின்கசிவு சோதனையில், எர்த் உள்ள கருவியின் உடலிலிருந்து வரும் கசிவு 500 மைக்ரோஆம்பியருக்குள்ளும், மின்வயரோடு சேர்த்து எர்த் தடை 0.3 ஓம்முக்குள்ளும் இருக்க வேண்டும். மருந்தை அளந்து ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்பில் மணிக்கு 100 மில்லி வைத்து அளவு ஜாடியில் பிடித்தால், ஒரு மணி நேரத்தில் 95க்கும் 105க்கும் இடையே விழ வேண்டும். பேட்டரியில் எத்தனை நிமிடம் ஓடியது என்பதும் வேண்டும். இந்த நான்கையும் பத்து நிமிடத்தில் செய்ய முடியாது. அளக்கப் பயன்படுத்திய சோதனைக் கருவியின் சீரியல் எண்ணும், அதன் காலிபரேஷன் முடியும் தேதியும் ரிப்போர்ட்டிலேயே இருக்கட்டும். ஒரு நகல் கருவியோடு, ஒரு நகல் ஆபீஸில்.